பேர் பதியத் தேவையில்லை, பிள்ளை

லீவுப் புத்தகத்தில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். விடுதியில் இரவு தங்காமல் வீட்டுக்குப் போகிற பிள்ளைகள் பெயர், பதிவு இலக்கம், போகிற ஊர், காரணம் எல்லாம் எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டுத்தான் வெளிக்கிடவேண்டும். ‘வீட்டில் அலுவல்’, ‘கோயில் திருவிழா’ என்று ஒரே இழுவையில் எழுதிவிட்டு எல்லோரும் பஸ்ஸுக்கு ஓடுவார்கள். அன்று பின்னேரம் ஒரு பிள்ளை அந்தக் கட்டத்தில் பேனையை வைத்தபடியே நின்றாள். ஜெல் பேனை. எழுதாமல் வைத்திருந்ததில் மை ஊறிப் பொட்டளவுக்குப் பரவியது. சித்திரை வெய்யிலில் எனக்கு முதுகெல்லாம் நனைந்திருந்தது. அவளோ முழுக்கைச் சுவெட்டர் போட்டிருந்தாள்.

“என்ன பிள்ளை, சுகமில்லையோ?”

“ஓம் மிஸ்.”

“அப்ப சுகமில்லை எண்டு எழுதுமன்.”

அவள் எழுதவில்லை. பேனையை மூடி வைத்துவிட்டு மேலே போய்விட்டாள். நான் அந்தப் பெண்கள் விடுதியில் உப காப்பாளராகச் சேர்ந்து அப்போது ஏழு மாதம். ஏதோ சரியில்லை என்று விளங்கியது. ஆனாலும் இரவு எட்டு மணிக்குப் பெயர் கூப்பிடும் வரைக்கும் நான் எழும்பிப் போய்ப் பார்க்கவில்லை.

இலங்கையின் வடக்கே வன்னியில் இன்று பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. வவுனியா வளாகம் 2021 ஆகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் இருக்கின்றன. நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். நான் வேலை செய்த இடம் எது என்று எழுதப்போவதில்லை. பிள்ளைகளின் ஊர், பீடம், ஆண்டு எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். ஓரிடத்தில் இரண்டு பேரின் கதையை ஒன்றாகவும் சேர்த்திருக்கிறேன்.

அவளுக்கு நடந்தது பாலியல் வல்லுறவு. அதை நான் கேட்டறிந்தபோது ஒன்பது நாள் ஆகியிருந்தது. என்னை அதிகம் உலுக்கியது அந்த ஒன்பது நாள்தான். ஏனென்றால் நடந்த மறுநாளே அவள் தனியாக பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். வெளிநோயாளர் பிரிவில் வரிசையில் நின்றிருக்கிறாள். துண்டு எழுதுகிற இடத்தில் “என்ன வருத்தம்?” என்று உரத்துக் கேட்டிருக்கிறார்கள். பின்னால் முப்பது பேர். அவள் “காய்ச்சல்” என்றாள். இரண்டு நாளைக்குப் பரசிற்றமோல் கொடுத்தார்கள். வெளியே வரும்போது வாசலில் பொலிஸ் காவல் கூடு. தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று பயந்து ஓட்டோ பிடித்துத் திரும்பி வந்துவிட்டாள். அந்த மாத்திரைப் பை பிரிக்காமல் அப்படியே அவளின் மேசை லாச்சிக்குள் கிடந்தது.

உதவி கேட்கத் துணியாத பிள்ளை என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதும் கோபம் வரும். அவள் துணிந்து போனாள். போன இடத்தில் எல்லோர் முன்னாலும் வாய் திறந்து சொன்னால்தான் அடுத்த கதவு திறக்கும் என்று இருந்தது. அதுதான் அவளைத் திருப்பி அனுப்பியது.

வல்லுறவுக்குப் பிறகு மருந்து எடுக்க 72 மணித்தியாலம் என்ற கணக்கை நான் அதற்குப் பிறகுதான் படித்தேன். முதலே தெரிந்திருக்க வேண்டியது. அவசர கருத்தடை மாத்திரை, லெவோநோர்ஜெஸ்ட்ரெல் 1.5 மில்லிகிராம், 72 மணித்தியாலத்துக்குள் எடுத்தால் நல்ல பலன் தரும். எவ்வளவு கெதியாக எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. ஐந்து நாள் வரை ஓரளவு பலன் உண்டு, ஆனால் குறைந்துகொண்டே போகும். குடித்து இரண்டு மணித்தியாலத்துக்குள் வாந்தி எடுத்தால் திரும்பவும் ஒன்று குடிக்கவேண்டும். கருப்பைக்குள் வைக்கிற செம்பு லூப்பை ஐந்து நாளைக்குள் வைத்தால் மாத்திரையை விடவும் உறுதி. எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கிற மருந்தையும் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கவேண்டும். அதை 28 நாள் விடாமல் குடிக்கவேண்டும். இவற்றோடு ஈரல் அழற்சி பி தடுப்பூசியும் வேறு பாலியல் தொற்றுகளுக்கான நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் தருவார்கள்.

எங்கள் நாட்டில் இந்த மணித்தியாலக் கணக்குக்கு இன்னொரு கனம் உண்டு. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, 303ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்காக மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. வல்லுறவினால் வந்த கர்ப்பத்துக்கும் விலக்கு இல்லை. ஒரு மாத்திரை கிடைக்காமல் போன பிள்ளைக்குப் பிறகு சட்டப்படி ஒரு வழியும் இல்லை. கள்ளமாகச் செய்கிற இடங்களுக்குப் போய் உயிரோடு விளையாடியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளைக்கு ஒன்பதாம் நாளில் எந்த மாத்திரையும் உதவாது. காத்திருந்தோம். பதினேழாம் நாள் விடியற்காலை என் அறைக் கதவில் தட்டி, “மிஸ், வந்திட்டுது” என்று மட்டும் சொன்னாள். மாதவிடாய் வந்ததற்கு ஒரு பிள்ளை அப்படி அழுததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அதற்கு முன்னரே நான் இரண்டு பிழை விட்டிருந்தேன். அவள் சொன்ன அன்றிரவு, “ஆஸ்பத்திரிக்குப் போனா பொலிஸ் வரும், பிறகு வழக்கு, யோசிச்சு முடிவெடும்” என்றேன். அக்கறையில் சொன்னதுதான். ஆனால் அவளைத் திருப்பி அனுப்பிய அதே பயத்தை நானும் என் வாயால் உறுதிப்படுத்தினேன். அடுத்த நாள் அவளைக் கேட்காமல் எனக்கு மேலே இருந்தவரிடம் சொன்னேன். அவர் அவளைக் கூப்பிட்டு முதலிலிருந்து விசாரித்தார். பிறகு இன்னொருவர். மூன்று நாளில் மூன்று பேருக்கு அவள் அந்த இரவைத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டி வந்தது. மூன்றாவது ஆளின் அறையை விட்டு வந்தவள் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். ‘வந்திட்டுது’ என்று சொன்ன அந்த விடியற்காலையைத் தவிர மூன்று கிழமை என்னோடு கதைக்கவில்லை. அது நியாயம்.

மருத்துவம் வேறு, முறைப்பாடு வேறு. இந்த ஒன்றை எங்கள் சனத்துக்கும் பிள்ளைகளுக்கும், ஏன், எங்களைப் போல விடுதிகளில் வேலை செய்கிறவர்களுக்கும் விளங்கவைத்தால் பாதிப் பாரம் இறங்கிவிடும். பொலிஸுக்குப் போவதா என்று ஒரு பிள்ளை ஐந்து மாதம் யோசிக்கலாம். மருந்துக்கு மூன்று நாள்தான். மருந்து எடுத்ததற்காக அவள் வழக்குப் போடவேண்டும் என்று இல்லை.

மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் ‘நட்பு நிலையம்’ என்று ஒரு பிரிவு இருக்கிறது, சிங்களத்தில் ‘மிதுரு பியச’ என்பார்கள். வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கென்றே பயிற்சி பெற்ற தாதியரும் வைத்தியரும் அங்கே இருப்பார்கள். பாலியல் நோய்க் கிளினிக்குகளும் இருக்கின்றன. அதற்கு யாருடைய கடிதமும் தேவையில்லை, காசு இல்லை, நேரே போகலாம். அங்கே அட்டையில் இலக்கம் போட்டுத் தருவார்கள், அடுத்த முறை அந்த இலக்கத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு ஆறாம் கிழமை அவளோடு நான் போனபோது அவள் அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “பேர் கூப்பிடமாட்டினமோ மிஸ்?” என்று கேட்டாள். இலக்கம் கூப்பிட்டதும் எழும்பி உள்ளே போன அந்த நடை எனக்கு இன்னும் நினைவில் நிற்கிறது. அன்றுதான் அவள் என்னோடு திரும்பக் கதைக்கத் தொடங்கினாள்.

பெயருக்கு ஏன் இவ்வளவு பயம் என்று வெளியூரிலிருந்து வந்த ஒரு விரிவுரையாளர் என்னைக் கேட்டார். வன்னிச் சனத்துக்குப் பெயர் பதிவது என்பது சும்மா ஒரு காரியம் இல்லை. 2009இல் போரின் கடைசி நாட்களில் வட்டுவாகல் கடந்து வந்த நாளிலிருந்து எங்கள் பெயரை எத்தனை பேர் எத்தனை தரம் எழுதினார்கள் என்று கணக்கில்லை. இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தண்ணிக்கும் பெயர், அரிசிக்கும் பெயர், வெளியே போகவும் பெயர். நானும் அந்தக் கூடாரத்தில் இருந்தவள்தான். 2012 புரட்டாதியில் அந்த முகாம் மூடப்பட்டுவிட்டது. ஆனால் ‘பெயர் கொடுத்தால் பிறகு யாராவது தேடி வருவார்கள்’ என்ற எண்ணம் மூடப்படவில்லை. அதைத் தாய்மார் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். முல்லைத்தீவுப் பக்கத்துத் தாய் ஒருத்தி, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு என் முன்னாலேயே சொன்னார்: “மருந்தை எடு, ஆனா ஒரு இடத்திலயும் பேர் பதியாதை பிள்ளை.”

இதை மனதில் வைத்துக்கொண்டு எங்கள் உளவளத்துணை அறையைப் போய்ப் பார்த்தேன். வாசலில் ஒரு மேசை, மேசையில் வருகைப் பதிவேடு, அதில் பெயர், நேரம், காரணம். எதிரே சிற்றுண்டிச்சாலை. தேத்தண்ணி குடிக்கிற எல்லோருக்கும் யார் உள்ளே போகிறார்கள் என்று தெரியும். ஒரு தவணை முழுவதும் அந்த ஏட்டில் பதினொரு பெயர்தான் இருந்தது. ‘பிள்ளைகள் வருவதில்லை’ என்று கூட்டங்களில் கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

அந்த ஏட்டை எடுப்பதற்கு எட்டு மாதம் பிடித்தது. கணக்காய்வுக்குத் தேவை என்றார்கள். கடைசியில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையை மட்டும் எழுதலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். அறையை நூலகத்துக்குப் பின்புறம் மாற்றினோம். அங்கேயே புத்தகம் கட்டுகிற வேலையும் போட்டோகொப்பியும் செய்கிறபடியால் அந்தப் பக்கம் போகிற பிள்ளையை யாரும் ஏனென்று பார்ப்பதில்லை. இரண்டு கதவு உள்ள அறை கிடைத்தது பெரிய அதிர்ஷ்டம், அழுத முகத்தோடு வந்த வழியே திரும்பவேண்டியதில்லை. இப்படியான அறையை எங்கே வைப்பது என்று யாராவது என்னிடம் யோசனை கேட்டால், உள்ளே என்ன கதிரை போடுவது என்பதற்கு முன் வாசலில் யார் நிற்பார்கள் என்பதைப் பாருங்கள் என்பேன். லீவுப் புத்தகத்தில் ‘காரணம்’ கட்டத்தையும் எடுத்துவிட்டோம். விடுதி ஒன்றும் இடிந்து விழவில்லை.

இனி ஒரு பிள்ளை வந்து சொல்லும்போது என்ன செய்கிறேன் என்பதைச் சொல்கிறேன். மேசைக்கு எதிரே இருத்துவதில்லை. என் அறையில் கட்டிலோரம் பக்கத்தில் பக்கத்தில் இருப்போம். பக்கத்தில் இருந்தால் அவள் என் முகத்தைப் பார்க்காமல் கதைக்கலாம். தேத்தண்ணி ஒன்று கையில் கொடுத்தால் கைக்கு ஒரு வேலை இருக்கும். ஆனால் வாயை அலம்பவும் குடிக்கவும் முதல், நடந்தது இன்றா நேற்றா, வாய்வழியாக ஏதும் நடந்ததா என்று மெதுவாக ஒரு கேள்வி கேட்பேன், ஏனென்றால் தடயம் எடுக்க வேண்டியிருந்தால் அது போய்விடும். கதை தொடங்க முன்னமே என் பக்கத்து எல்லையையும் சொல்லிவிடுவேன். “உம்மைக் கேட்காமல் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். உம்மட உயிருக்கு ஆபத்து எண்டு எனக்குப் பட்டால் மட்டும் சொல்லுவன், அதையும் உமக்குச் சொல்லிப்போட்டுத்தான் செய்வன்.” முழு இரகசியம் என்று சத்தியம் பண்ணிவிட்டுப் பிறகு மீறுவதை விட இது நேர்மை.

அதன் பிறகு நான் சொல்வது மிகக் கொஞ்சம். “நீர் சொல்லுறதை நான் நம்புறன். இது உம்மில பிழையில்லை. இனி என்ன செய்யிறது எண்டு நீர்தான் முடிவெடுக்கிறது, நான் பக்கத்தில நிற்பன்.” ஏன் போனீர், ஏன் அந்த நேரத்தில், ஏன் கத்தவில்லை என்று எந்த ‘ஏன்’ கேள்வியும் கேட்பதில்லை. முழுக் கதையையும் தோண்டுவதில்லை. எப்போது நடந்தது, காயம் உண்டா, இன்று இரவு பயமில்லாமல் படுக்க இடம் உண்டா, இந்த மூன்றும் எனக்குப் போதும். கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்லப்போவதில்லை, கையைத் தொடுவதென்றாலும் கேட்டுவிட்டுத் தொடுவேன். அந்த உடம்பை ஒருவன் கேட்காமல் தொட்டிருக்கிறான்.

‘ஏன் கத்தவில்லை’ என்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பிள்ளைகள் தங்களைத் தாங்களே கேட்டுக் குத்துகிற கேள்வி அது. தாய் தகப்பனும் கேட்பார்கள். அவர்களுக்கு நான் மூளை, நரம்பு என்று விளக்குவதில்லை. “ஷெல் வந்த நேரம் பங்கருக்குள்ள ஓடாமல் முற்றத்தில அப்பிடியே விறைச்சு நிண்ட ஆக்களை நீங்கள் காணேல்லையோ?” என்று கேட்பேன். கண்டிருப்பார்கள். சிலர் தாங்களே அப்படி நின்றவர்கள். பயம் எல்லை கடந்தால் உடம்பு ஓடாது, கத்தாது, கல்லாகிவிடும். அது சம்மதம் இல்லை. ஒரு தகப்பன் இதைக் கேட்டுவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு மகளின் பக்கம் திரும்பி, “நானும் நிண்டனான் பிள்ளை, மாத்தளனில” என்றார். நான் எழும்பி வெளியே போய்விட்டேன்.

சட்டமும் இதை ஒத்துக்கொண்டிருக்கிறது. 1995இன் திருத்தத்துக்குப் பிறகு, சம்மதம் இல்லை என்று காட்டுவதற்கு உடம்பில் காயம் இருக்கவேண்டும் என்பது அவசியமில்லை. முறைப்பாடு கொடுக்க முடிவெடுத்த பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வது.

தடயம் பற்றி: முடிந்தால் குளிக்காமல், உடுப்பு மாற்றாமல் போவது நல்லது. மாற்றிவிட்டால் அந்த உடுப்புகளைத் தோய்க்காமல் கடதாசிப் பைக்குள் வைக்கவேண்டும். பிளாஸ்ரிக் பைக்குள் வைத்தால் ஈரம் பிடித்துப் பழுதாகிவிடும். என் அலுமாரியில் எப்போதும் நாலைந்து கடதாசிப் பையும் ஒரு சோடி மாற்றுடுப்பும் இருக்கும். ஆனால் குளித்துவிட்ட பிள்ளையிடம் “ஐயோ, ஏன் குளிச்சனீர்?” என்று கேட்டுவிடாதீர்கள். எல்லோரும் குளிப்பார்கள். குளித்தாலும் போகலாம், நாள் கடந்தாலும் போகலாம். சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்கு அவளின் சம்மதம் வேண்டும், இடையில் போதும் என்று சொல்லவும் அவளுக்கு உரிமை உண்டு.

பொலிஸில் சிறுவர் மகளிர் பணியகத்துக்குப் போகவேண்டும், துணைக்கு ஒருவர் வேண்டும். ஒரு முறை நான் கூடப் போயிருந்தபோது முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதி, “இதில கையெழுத்து வையுங்கோ” என்று நீட்டினார்கள். அவள் பேனையை எடுத்துவிட்டாள். எனக்கு நெஞ்சு படபடத்தது, ஆனாலும் “தமிழில எழுதித் தாங்கோ, நாங்கள் காத்திருக்கிறம்” என்றேன். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ். தமிழ் எழுதத் தெரிந்த ஒருவர் வரும் வரைக்கும் இரண்டரை மணித்தியாலம் இருந்தோம். வாசித்துப் பார்த்தபோது நாளும் நேரமும் சரியாக இருந்ததை நாங்களே உறுதிப்படுத்த முடிந்தது. விளங்காத மொழியில் கையெழுத்து வைக்கவேண்டாம், முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

பெயர் வெளியே வரும் என்று பயப்படுகிறவர்களுக்கு இன்னொன்று. தண்டனைச் சட்டக்கோவையின் 365சீ பிரிவின்படி பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். முகநூலில் பெயரைப் போட்டு ‘நீதி வேண்டும்’ என்று எழுதுகிறவர்களுக்கும் இது பொருந்தும். நல்ல மனத்தோடு செய்கிறவர்களால்தான் எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி படிப்பை விட்டுவிட்டுப் போனாள். சாட்சிகளையும் பாதிக்கப்பட்டவர்களையும் பாதுகாக்க 2015இல் வந்த சட்டத்துக்குப் பதிலாக 2023இன் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, மிரட்டல் வந்தால் அதைச் சொல்லிக் கேட்கலாம். 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்துக்கு எடுத்தால் பெயர் சொல்லாமலே வழி கேட்கலாம். சிங்களப் பிள்ளை ஒருத்தி என்னிடம் வந்தபோது என் சிங்களம் போதவில்லை. அறைத்தோழியை மொழிபெயர்க்க விட்டிருந்தால் பாதியை மறைத்திருப்பாள். அன்று அந்த இலக்கம்தான் கைகொடுத்தது.

இந்த நாட்களில் அதிகம் வருவது தொலைபேசிக் கதைகள். காதலித்த காலத்தில் அனுப்பிய படத்தை வைத்து, “வராட்டி உன்ர கொம்மாக்கு அனுப்புவன்” என்று மிரட்டுவது. பிள்ளை பயத்தில் முதலில் செய்வது எல்லாவற்றையும் அழிப்பது. அழிக்கவேண்டாம். இலக்கம், திகதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து வேறொரு இடத்தில் வைத்துவிட்டு அவனை புளொக் பண்ணவேண்டும். காசு கொடுத்தால் அவன் நிற்கமாட்டான். ‘ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.’ என்ற இணையச் சேவையில், படத்தை யாருக்கும் அனுப்பாமல், அதிலிருந்து எடுக்கிற டிஜிற்றல் அடையாளக் குறியை மட்டும் கொடுத்து முகநூல், இன்ஸ்டகிராம் போன்ற இடங்களில் ஏறாமல் தடுக்கலாம். ‘ஹிதவதி’ என்ற சேவை இந்த நாட்டிலேயே இதற்கென்று இருக்கிறது.

ஆண் பிள்ளைகளை மறந்துவிடக்கூடாது. பகிடிவதை என்ற பெயரில் இரவில் உடுப்பைக் கழற்றச் சொல்லி நடந்தவற்றை ஒரு பெடியன் என்னிடம் சொல்லவில்லை, அவனின் அக்கா எங்கள் விடுதியில் இருந்தபடியால் அவள்தான் சொன்னாள். எங்கள் சட்டம் வல்லுறவு என்பதைப் பெண்ணுக்கு மட்டுமே சொல்கிறது. ஆனால் பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என்ற 365பீ பிரிவு ஆணுக்கும் பொருந்தும். 1998இன் 20ஆம் இலக்கப் பகிடிவதைச் சட்டத்தின் கீழ் பாலியல் தொந்தரவுக்குப் பத்து ஆண்டு வரை சிறை உண்டு. ‘அது சும்மா பகிடி’ என்கிற சீனியர்களுக்கு அந்தப் பத்து ஆண்டைச் சொல்லிப் பாருங்கள். அவனுக்கும் அதே 72 மணித்தியாலம்தான், அதே கிளினிக்தான்.

நடந்த பிறகு ஓடுவது ஒரு பக்கம். நடக்க முன்னம் கதைப்பது மறு பக்கம், எனக்கு அதில் ஆசை அதிகம். பத்தாம், பதினொராம் வகுப்புச் சுகாதாரப் புத்தகத்தில் அந்தப் பாடம் வரும்போது “வீட்டில வாசியுங்கோ” என்று ஆசிரியர் பக்கத்தைப் புரட்டிவிட்ட பிள்ளைகள்தான் எங்களிடம் வருகிறார்கள். வீட்டில் யாரும் வாசிக்கவில்லை.

குளியலறைப் பக்கத்து நடையில், யாரும் ஏனென்று கேட்காத இடத்தில், ஒரு பால்மாப் பெட்டியில் கீறல் வெட்டி மாட்டினேன். ‘கேள்வி எழுதிப் போடுங்கோ, பேர் தேவையில்லை’ என்று எழுதி ஒட்டினேன். முதல் கிழமை ஒன்றும் இல்லை. இரண்டாம் கிழமை ஒரு துண்டு. இடக்கையால் எழுதியிருந்தாள், எழுத்து சிறுபிள்ளை எழுத்துப் போல வளைந்து கிடந்தது. ‘முதல் நாள் இரத்தம் வராட்டி கெட்டவள் எண்டு அர்த்தமா?’

மாதக் கடைசி வியாழன் இரவு எட்டரைக்குப் பொது அறையில் இருந்து அந்தத் துண்டுகளை நானும் எங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரும் வாசிப்போம். அவர் இருபது ஆண்டு வன்னிக் கிராமங்களில் சைக்கிளிலும் பிறகு மோட்டார் சைக்கிளிலும் திரிந்தவர், எந்தக் கேள்விக்கும் முகம் சுளிக்கமாட்டார். “எத்தினையோ பொம்பிளையளுக்கு வாறதில்லை பிள்ளையள். அந்தத் தோலைப் பார்த்து ஒரு டொக்டராலும் ஒண்டும் சொல்லேலாது” என்றார். கன்னித்தன்மைப் பரிசோதனை என்று ஒன்றுக்கு எந்த விஞ்ஞான அடிப்படையும் இல்லை, அதைக் கைவிடவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இலேயே சொல்லிவிட்டது. அறையில் நாற்பது பிள்ளைகள். ஒரு சத்தமில்லை. அந்த அமைதியில் எத்தனை பேர் மூச்சு விட்டார்கள் என்று எனக்குக் கேட்டது.

பிறகு பெட்டி நிறையத் தொடங்கியது. அவசர மாத்திரை குடித்தால் பிறகு பிள்ளை தங்காதா? தங்கும், அது கருப்பையைப் பழுதாக்காது. ஆனால் மாதத்துக்குப் பல தரம் குடிக்கிற மருந்தும் அல்ல, அதற்கு வேறு முறைகள் இருக்கின்றன. வெள்ளைபடுதல் வருத்தமா? நிறமில்லாமல், மணமில்லாமல் வந்தால் இல்லை, கடியும் எரிவும் நாற்றமும் வந்தால் காட்டவேண்டும். கொண்டம் ஏன் வெடிக்கிறது? பேர்ஸுக்குள் சூட்டில் மாதக்கணக்காக வைத்தால் வெடிக்கும், தேங்காயெண்ணெய் பூசினால் இறப்பர் இளகிவிடும். அன்று அந்த உத்தியோகத்தர் கப்பல் வாழைப்பழம் ஒன்றை வைத்துக் காட்ட, தலையணைக்குள் முகம் புதைத்துச் சிரித்தவர்கள் பிறகு தாங்களே செய்து பார்த்தார்கள். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான எச்.பி.வி. தடுப்பூசி 2017 முதல்தான் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் போடப்படுகிறது. அதற்கு மூத்த பிள்ளைகள் தவறவிட்டுவிட்டார்கள் என்பதும் அங்கேதான் பலருக்குத் தெரியவந்தது.

என்னை அதிகம் யோசிக்க வைத்த துண்டு இது: ‘எனக்கு அவரைப் பிடிக்கும். ஆனா அதுக்கு விருப்பமில்லை. வேண்டாம் எண்டு சொன்னா கோவிப்பாரா?’ அதற்கு நாங்கள் இரண்டு பேரும் பதில் சொல்லவில்லை. பிள்ளைகளைக் கேட்டோம். பத்தே காலுக்கு விளக்கு அணைக்கவேண்டும், பதினொன்றரை வரை கதைத்தார்கள். விருப்பமும் சம்மதமும் ஒன்றில்லை, நேற்றைக்கு ஓம் என்றது இன்றைக்கும் ஓம் என்று இல்லை, காதலனுக்கும் கணவனுக்கும் அது பொருந்தும் என்று ஒரு இரண்டாம் ஆண்டுப் பிள்ளை சொன்னபோது மூலையில் ஒருத்தி தேம்பித் தேம்பி அழத்தொடங்கினாள். யாரும் அவளை ஏனென்று கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் தன் துவாயை நீட்டினாள். அவ்வளவுதான்.

ஒரு தாய் சொன்ன பழமொழியையும் அங்கே கதைத்தோம். முள்ளில் சேலை விழுந்தாலும், சேலையில் முள் விழுந்தாலும் கிழிவது சேலைதான் என்று. நான் அந்தத் தாயைக் குறை சொல்லமாட்டேன், தனக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பை மகளுக்குக் கொடுத்தார். ஆனால் பெண் சேலை இல்லை. கிழிந்தால் எறிகிற பொருள் இல்லை. முள்ளை வெட்டுவது பற்றி அந்தப் பழமொழி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை என்று ஒரு பிள்ளை சொன்னாள். எனக்கு அது பிடித்தது.

இந்த வேலையைச் செய்கிறவர்களுக்கு ஒன்று. இரவில் நித்திரை வராது. யாருடைய பெயரும் ஊரும் சொல்லாமல் உங்கள் பாரத்தை மட்டும் இறக்க ஒரு ஆளைத் தேடி வையுங்கள். எனக்கு ஓய்வு பெற்ற ஒரு தாதி இருக்கிறார்.

போன மாதம், ஒரு செவ்வாய் இரவு. பெட்டியை நான் வியாழன்தான் திறப்பேன். ஏனோ அன்று திறந்தேன். ஒரே ஒரு துண்டு. ‘இது எனக்கில்லை மிஸ், சிநேகிதிக்கு. ஞாயிறு இரவு. அவள் ஒண்டும் சொல்லமாட்டாளாம்.’

ஞாயிறு இரவிலிருந்து எண்ணினேன். புதன் இரவு வரை நேரம் இருந்தது. விடுதியில் நூற்று எண்பது பிள்ளைகள். யார் என்று தேடினால் அவள் இன்னும் உள்ளே போய்விடுவாள். ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதினேன்: ‘மூன்று நாளுக்குள் மருந்து இருக்கு. பொலிஸுக்குப் போகத் தேவையில்லை. பேர் பதியத் தேவையில்லை. துண்டு எழுதுற இடத்தில பெண்கள் விஷயம், நேர்ஸிட்டத்தான் சொல்லுவன் எண்டு சொன்னால் போதும். நான் காலை ஐந்தரைக்கு முன்வாசலில நிற்பன், ஒண்டும் கேட்கமாட்டன்.’ பத்துப் பிரதி எடுத்து எல்லாக் குளியலறைக் கதவுக்கும் உட்பக்கத்தில் ஒட்டினேன்.

ஐந்தரைக்கு யாரும் இல்லை. ஐந்தே முக்காலுக்கும் இல்லை. முற்றம் கூட்டுகிற அம்மா வந்து விளக்குமாற்றை எடுத்தார். ஆறு மணிக்குக் கிட்ட மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது, இரண்டு சோடி. இரண்டு பேரும் தலையைத் துணியால் மூடியிருந்தார்கள். யார் எழுதியவள், யார் மற்றவள் என்று நான் பார்க்கவில்லை.

“மிஸ், முதல் பஸ் எத்தினை மணிக்கு?”

“ஆறே காலுக்கு. வாங்கோ, நடந்தே போவம்.”